ஆமையக்கா ஏற்றிவந்த முயல் குட்டிகள்

காட்டு ஏரியில் திடீரென்று வெள்ளம் வந்தது. ஏரிக்குள் இருந்த மேடுகளில் கீரி, எலி, அணில், முயல் எல்லாம் மாட்டிக்கொண்டன. நீந்தத் தெரிந்த ஒரே ஆள் ஆமையக்காதான். அகலமான முதுகு, அதைவிட அகலமான மனசு!

ஆனால் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முதலில் கூப்பிட்டவருக்குத்தான் முதல் உதவி.

முதலில் கூப்பிட்டது கீரி. அது இருந்ததோ கடைசி மேடு. ஆமையக்கா மூச்சிரைக்கப் போய் அதை ஏற்றிக்கொண்டாள். அதே மேட்டில் முயலம்மாவும் இரண்டு குட்டிகளோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, முதுகுல இடம் இருக்கே! எங்களையும் ஏத்திக்கோங்க!"

"அதெப்படி? உனக்கு முன்னாடி எலி கூப்பிட்டுட்டானே! உன் முறை வரட்டும்!"

கீரியை மட்டும் கரையில் இறக்கிவிட்டு, கரைக்குப் பக்கத்து மேட்டுக்குப் போய் எலியைக் கொண்டுவந்தாள். அதற்குள் முயலம்மாவின் முழங்கால் வரை தண்ணீர் ஏறிவிட்டது.

கரையோர மரத்திலிருந்து மீன்கொத்தி கத்தியது. "உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கா? அவ்வளவு தூரம் போயிட்டு ஒரே ஒரு கீரியோடயா வருவே? யார் யார் எங்கே இருக்காங்கன்னு முதல்ல கேட்டுக்கோ. போற வழியில இருக்கிறவங்களை ஒண்ணா ஏத்திக்கோ!"

"அட, ஆமாம்ல!" என்றாள் ஆமையக்கா. பாவம், அவளுக்கு அது தோன்றவே இல்லை.

அடுத்த நடையில் கரைக்குப் பக்கத்திலிருந்த ஓணானையும் அதன் குஞ்சுகளையும் ஏற்றினாள். முதுகு நிறைந்துவிட்டது. சட்டென்று கரைக்கு வந்துவிட்டாள். மறுபடி கிளம்பினாள். "அக்கா, இங்கேதான்! ரெண்டே எட்டு!" என்று பல்லி கூப்பிட்டது. அப்புறம் ஒரு நண்டுக் குடும்பம். நண்டுக்கு எதற்கு ஆமை என்று கேட்காதீர்கள், கூட்டத்தோடு அதுவும் ஏறிக்கொண்டது! வேலை மளமளவென்று நடந்தது. ஆமையக்காவுக்கு ஒரே பெருமை.

அப்போது தூரத்திலிருந்து ஓர் அழுகுரல் வந்தது. "அக்கா! குட்டிங்க கழுத்து வரைக்கும் தண்ணி வந்துடுச்சு!"

மீன்கொத்தி பதறியது. "வழியில இருக்கிறவங்களை ஏத்தச் சொன்னேன். கடைசியில நிக்கிறவளை மறக்கச் சொன்னேனா?"

ஆமையக்கா உடனே கடைசி மேட்டுப் பக்கம் திரும்பினாள். "நான் கிளம்பினதுக்கு அப்புறம் கூப்பிடறவங்க எல்லாம் அடுத்த நடைக்கு!" என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு நீந்தினாள். "இங்கே, இங்கே!" என்ற குரல்களுக்கு அவள் திரும்பவே இல்லை. நேராகக் கடைசி மேட்டுக்குப் போய் முயலம்மாவையும் குட்டிகளையும் முதுகில் ஏற்றினாள். திரும்பும் வழியில் நடு மேட்டு அணிலும் தாவி ஏறிக்கொண்டது. அவர்களுக்குப் பின்னால் கடைசி மேடு தண்ணீரில் மூழ்கியது.

நடுங்கிக்கொண்டே ஒரு குட்டி கேட்டது. "ஏன் அத்தை முன்னாடியே வரலை?"

"முதல்ல முறையைப் பார்த்தேன் கண்ணு. அப்புறம் வசதியைப் பார்த்தேன். உன்னைத்தான் பார்க்காம விட்டுட்டேன்" என்றாள் ஆமையக்கா.

குட்டி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

வழியைப் பார்த்து வேலையை வரிசைப்படுத்துவது புத்திசாலித்தனம்; ஆனால் அந்த வரிசையில் ஒருவரை மட்டும் காத்துக்கொண்டே இருக்க விடாததுதான் நியாயம்.