நாய் இல்லாதவர் அள்ளக் கூடாது

எங்கள் குடியிருப்பில் மூளை குறைந்தவர்களை வீணடிப்பதில்லை. சங்கத்தில் பதவி கொடுத்துவிடுவோம்.

போன வெள்ளிக்கிழமை காலையில் என் கேட்டுக்கு நேரே எவன் வீட்டு நாயோ வெளிக்கு இருந்துவிட்டுப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என் மச்சான் செண்பகராமன் முதல் தடவையாக வருகிறான். "அத்தான் குப்பைமேட்டுலல்லா வீடு வாங்கியிருக்காரு" என்று ஒரு கல்யாணப் பந்தியில் சொன்னவன். நான் மறக்கவில்லை. வாசல் பளிச்சென்று இருந்தாக வேண்டும்.

முறமும் விளக்குமாறும் எடுத்தேன். செயலாளர் இசக்கியப்பன் ஓடிவந்தார். பின்னாலேயே தலைவரும் பொருளாளரும் வந்தார்கள்.

"தொடாதீங்க அண்ணாச்சி. நாய் வளர்க்கிறவருதான் அள்ளணும்னு போர்டு வச்சிருக்கோம். உங்ககிட்ட நாய் ஏது?"

"யாரு நாய்னே தெரியலயே, வே."

"அப்ப நீங்க ஒரு நாய் வாங்கிருங்க," என்றார் தலைவர் குற்றாலிங்கம்.

பொருளாளர் சங்கரபாண்டி யோசித்தார். "இவரு நாய் இனிமேதான வரும்? இது அதுக்கு முந்தினது. செல்லாது."

மூவரும் தலையாட்டினார்கள்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. கரைந்துபோனால் நாய்க்காரர் வந்து எதை அள்ளுவார் என்று கவலைப்பட்டு, மாறி மாறி அதற்குக் குடை பிடித்தார்கள்.

சனிக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. "என்னமும் செய்யுங்க. நாளைக்கு அது என் மச்சான் கண்ணுல படக்கூடாது."

"படாது. சங்கம் பொறுப்பு," என்றார் தலைவர்.

மறுநாள் ஆட்டோவை விட்டு இறங்கிய மச்சானுக்கு மாலை போட்டார்கள். அவன் நெஞ்சை நிமிர்த்தி, புதுச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். அடுத்து ஒரு துண்டால் அவன் கண்ணைக் கட்டினார்கள். இதுவும் மரியாதையில் சேர்த்தி என்று நினைத்து ஆடாமல் நின்றான்.

எங்கேயோ ஒரு நாய் குரைத்தது.

"எங்க வீட்லயும் ஒண்ணு நிக்கி. ராஜபாளையம்," என்றான் பெருமையாக.

இசக்கியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. முறத்தை அவன் கையில் கொடுத்தார். "அள்ளுங்க சார். இந்த இடத்துல உங்களுக்கு மட்டுந்தான் அந்த உரிமை இருக்கு."

"கண்ணை அவுத்துவிட்டா இன்னும் நல்லா அள்ளுவாரே," என்றார் சங்கரபாண்டி.

"அண்ணாச்சிக்கு வாக்குக் கொடுத்திருக்கோம்," என்றார் தலைவர்.

மச்சான் குனிந்தான். மூவரும் விரலை நீட்டி வழி காட்டினார்கள். அவன் தன் செருப்பையே அள்ளினான். அதைப் பையில் போட்டு முடிந்து, குப்பை வண்டியில் ஏற்றிவிட்டுக் கை தட்டினார்கள். நான் வாயே திறக்கவில்லை. பந்தியில் பேசிய வாய் அவனுடையது.

சங்கரபாண்டி தரையைப் பார்த்தார். "தலைவரே, அது அங்கயே கெடக்கே."

குற்றாலிங்கம் குனிந்து, நிதானமாகப் பார்த்தார்.

"அதான் அள்ளியாச்சே. இது புதுசு."