படத்தின் பின்னால் எழுதியது யார்?

விருதுநகரில் ஒரு பழைய வீட்டுக்கு வெள்ளையடிக்க ஏற்பாடானது. கூடத்துச் சுவரில் காலங்காலமாக மாட்டியிருந்த மூன்று புகைப்படங்களை இறக்கிப் பார்த்தபோது, கண்ணாடிக்குள் பூச்சி புகுந்திருந்தது. வீட்டுக்கு உரிய மூன்று பேரும் அவற்றைக் கடைத்தெருவில் உள்ள பிரேம் கடைக்கு எடுத்துப் போனார்கள்.

அந்த மூவரும் அண்ணன் தம்பி பிள்ளைகள். மூத்தவர் வெயிலுமுத்துவின் மகள் வடிவு. அடுத்தவர் தவசிலிங்கத்தின் மகன் தனுஷ்கோடி. கடைசித் தம்பி பூமிநாதனின் மகள் மங்கை. மூவரைப் பெற்றவர்களும் இப்போது உயிரோடு இல்லை.

கடைக்காரர் துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்கிப் பின்பலகையை எடுத்தார். படத்தின் முதுகில் மசியால் எழுதிய வரிகள் இருந்தன. மற்ற இரண்டு படங்களிலும் அதே கையெழுத்துதான். சின்ன எழுத்து, நெருக்கமான எழுத்து.

முதல் படத்தில் சகோதரர்கள் மூவரும் தங்கள் பருத்திவிதைக் கடை வாசலில் நிற்கிறார்கள். பின்னால் இப்படி இருந்தது: "கடை திறந்த அன்று. இடது ஓரம் தவசிலிங்கம். வலது ஓரம் பூமிநாதன். நடுவில் குடை."

இரண்டாவது படம் குற்றாலம். "பூமிநாதன் நனையப் பயந்து தள்ளி நிற்கிறார். தவசிலிங்கம் வாயில் வடை. அருவிக்குள்ளும் குடை!"

மூன்றாவது, பொங்கலன்று வீட்டு வாசலில் எடுத்தது. "தவசிலிங்கம் கண்ணை மூடிவிட்டார். பூமிநாதன் கரும்பைக் கீழே வைக்கவே இல்லை. குடை இல்லாமல் ஒரு படமாவது கிடைத்ததே."

குடையோடு நின்றவர் மூத்தவர் வெயிலுமுத்து. வெயிலோ மழையோ, அவர் குடையை விட்டதில்லை.

அந்த வீட்டு ஆண்களின் கையெழுத்து மூவருக்கும் நன்றாகத் தெரியும். இது அவர்களுடையது அல்ல. பாட்டிக்கு எழுத்தே தெரியாது. ஆகவே எழுதியது அவர்களைப் பெற்ற தாய்மாரில், அதாவது அந்த வீட்டின் மூன்று மருமகள்களில் ஒருத்திதான். ஒப்பிட்டுப் பார்க்க, அவர்கள் அந்தக் காலத்தில் எழுதியது எதுவும் கிடைக்கவில்லை. படங்கள் எடுத்த காலத்தில் மூவருமே அந்த வீட்டில் இருந்தார்கள்.

"எழுதினவங்க பிள்ளைக்குத்தான் இந்த அசல் படம். மத்த ரெண்டு பேருக்கும் நகல் போட்டுக்கலாம்" என்றான் தனுஷ்கோடி. மற்றவர்களும் சரி என்றார்கள்.

சொன்னவனே முதலில் உரிமை கொண்டாடினான். "எங்க அம்மாதான். மூணு படத்துலயும் எங்கப்பா பேரு வருது பாருங்க. வாயில வடை இருந்ததைக்கூட விடல. வேற யாரு இவ்வளவு கவனிப்பா?"

மங்கை சிரித்துவிட்டாள். "எங்கப்பா பேரும்தான் மூணுலயும் வருது. எங்கம்மா எட்டாவது வரைக்கும் படிச்சவங்க. உங்கம்மாவா எழுதினாங்க? ஓட்டுப் போடுற இடத்துல வீட்டுக்காரர் பேரு கேட்டா, உங்களத்தானே முன்னாடி தள்ளிவிடுவாங்க!"

"அதுக்காக எழுதத் தெரியாதுன்னு ஆயிருமா? அம்மா கடைசிக் காலத்துல எழுதினது கை நடுங்கி எழுதினது. வயசுல இப்படித்தான் எழுதியிருப்பாங்க. சித்தி மட்டும் என்ன, சாகுற வரைக்கும் சித்தப்பாவ 'மங்கை அப்பா'ன்னுதானே கூப்பிட்டாங்க? பெரிய படிப்பு!"

"அண்ணே, படிப்பைப் பத்தி நீங்க பேசாதீங்க. பத்தாவதுல நீங்க போட்ட ஆட்டம் ஊருக்கே தெரியும்."

வடிவு படங்களைக் கையில் எடுத்தாள். அவள் தாய் தங்கபுஷ்பம், மகள் தொட்டிலில் இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டவள். ஒரு படத்திலும் அவள் இல்லை. சேலைகூட மிஞ்சவில்லை. ஐந்தாவது வரை பள்ளிக்கூடம் போனாள் என்று சொல்வார்களே தவிர, அவள் எழுதி யாரும் பார்த்ததில்லை. அம்மா எப்படிப் பேசுவாள், எதற்குச் சிரிப்பாள் என்று வடிவுக்கு ஒருவரும் சொன்னதில்லை. இந்த வரிகள் அவளுடையவையாக இருந்தால், மகள் முதல்முறையாகத் தாயின் பேச்சைக் கேட்டதாக ஆகும்.

மூன்று படங்களையும் மறுபடி மறுபடி திருப்பிப் பார்த்துவிட்டு வடிவு கீழே வைத்தாள்.

"எங்கம்மாவா இருக்காது. உங்க அப்பாமாரு பேரெல்லாம் வருது. எங்கப்பா பேரு ஒண்ணுலயும் இல்ல. வெறும் குடைன்னு எழுதியிருக்கு. கட்டினவ எழுதியிருந்தா புருஷன் பேரை விட்டிருப்பாளா? நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க."

கடைக்காரர் படங்களைத் துடைத்து உறைக்குள் போட்டுவிட்டு, "யார் கையில கொடுக்கட்டும்?" என்று கேட்டார்.

வாசகர்களே, உங்களையும் அதையே கேட்கிறேன். சற்று நிதானமாக யோசியுங்கள். அந்த வரிகளை எழுதியது யார்? படங்கள் யார் கையில் போவது சரி?

விடை: வடிவின் கையில். அவள் விலகிக்கொள்ளச் சொன்ன காரணமே அவள் பக்கத்து ஆதாரம். அந்த வீட்டு மருமகள்கள் கணவன் பெயரை வாயால் சொல்லாதவர்கள். தனுஷ்கோடியும் மங்கையும் கேலி பேசியபோது அதைத்தான் தெரியாமல் சொன்னார்கள். வாய் சொல்லத் தயங்கும் பெயரைக் கையும் எழுதாது. தவசிலிங்கத்தின் மனைவி 'தவசிலிங்கம்' என்றோ, பூமிநாதனின் மனைவி 'பூமிநாதன்' என்றோ எழுதியிருக்க மாட்டார்கள். கொழுந்தன்மார் இருவரையும் கூசாமல் பெயரிட்டு எழுதவும், ஒருவரை மட்டும் குடை என்று கேலி செய்யவும் கூடியவள் மூத்த மருமகள் தங்கபுஷ்பம் ஒருத்திதான். இது முதலில் உறைத்தது மங்கைக்கு. அவள் உறையை வாங்கி வடிவின் மடியில் வைத்து, "அக்கா, பெரியம்மா ரொம்ப வாயாடியா இருந்திருப்பாங்க போலிருக்கு" என்றாள். வடிவு நெடுநேரம் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு கடைக்காரரிடம், "ரெண்டு பக்கமும் கண்ணாடி போட்டுக் கொடுங்க" என்றாள். "அப்படிப் போட்டா சுவத்துல மாட்ட முடியாதே, அம்மா" என்றார் அவர். "மாட்டப் போறதில்ல. கையில வச்சுப் படிக்கணும்" என்றாள் வடிவு.