பெனினாவின் கல்லில் மூன்றாவது வரி

ஒரு கல்லறைக் கல்லையும் ஒரு தட்டு நிறைய அட்டைகளையும் பற்றிய கதை இது. முடிவில் உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. ஆகவே யார் என்ன சொன்னார்கள் என்பதோடு, யார் என்ன செய்தார்கள் என்பதையும் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய சீயோன்விளை சபையில் ஒரு வழக்கம் உண்டு. புது வருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். வீட்டுக்கு ஒருவர் கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். அதிலுள்ள வசனம்தான் அந்த வருஷம் அந்த வீட்டுக்குக் கடவுள் கொடுத்த வாக்கு. போன வருஷம் ஜெபக்கனி வீட்டுக்கு எடுத்தவள் அவள் ஒரே மகள் பெனினா, இரண்டாம் வகுப்பு. எந்த வாதையும் உன் வீட்டை நெருங்காது என்றது அட்டை. பெனினாவே சோற்றுப் பருக்கை தடவி அதைக் கண்ணாடிக்கு மேல் ஒட்டினாள்.

ஐப்பசி மழையில் அவர்கள் தெருவில் கொசு பெருகியது. சபைச் செயலாளர் கட்டிய கல்யாண மண்டபத்தின் சுற்றுச்சுவர் ஓடையை மறித்திருந்தது. தண்ணீர் போக வழியில்லாமல் பாசி பிடித்துக் கிடந்தது. பெனினாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு ஆஸ்பத்திரி இன்னொன்றுக்கு அனுப்பியது. அங்கே போய்ச் சேருமுன், ஆம்புலன்சிலேயே, தாயின் மடியில் அடங்கிவிட்டாள்.

பிறகு ஆறுதல் சொல்ல வந்தார்கள்.

சபையை நடத்தும் உபதேசியார் தேவாசீர் நல்ல மனிதர். அந்தச் சின்னப் பெட்டியைத் தோளில் சுமந்தவரும் அவர்தான். "ஆண்டவர் தம்ம தோட்டத்துக்கு ஒரு பூவைப் பறிச்சுக்கிட்டாரும்மா" என்றார்.

"அவருக்குப் பூவுக்கா பஞ்சம், ஐயா?" என்றாள் ஜெபக்கனி.

அடுத்து, கணவனின் அக்கா புஷ்பலீலா மைனி. ஆஸ்பத்திரியில் பிள்ளையின் தலைமாட்டை விட்டு நகராதவள். "வாக்குத்தத்தம் பொய்க்காது, ஜெபக்கனி. வீட்டுல எங்கயோ ஒரு ஓட்டை. அறிக்கை பண்ணு. ஆண்டவர் ரெட்டிப்பாத் தருவாரு." சொன்னதோடு நிற்கவில்லை, வெள்ளிதோறும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உபவாசமும் கிடந்தாள்.

ரெட்டிப்பு என்றால்? இரண்டு பெனினாவா? ஜெபக்கனிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் ஊரே அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னபோது, தான்தான் மகளைக் கொன்றோமோ என்று அடுப்படியில் நின்று யோசிக்கத் தொடங்கினாள். அவள் வீட்டில் ஓட்டை தேடியவர்களில் ஒருவர்கூட ஓடையை எட்டிப் பார்க்கவில்லை.

அவள் கணவன் ராஜசிங் கொத்தனார். அடக்கத்துக்குப் பிறகு அவன் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. மகளின் கல்லைத் தானே வார்த்தான். ஈரச் சிமெண்டில் ஆணியால் எழுதினான். முதல் வரியில் பிறந்த நாள், அடுத்த வரியில் மரித்த நாள். மூன்றாவது வரிக்கும் கோடு போட்டு, வழவழவென்று பூசி, ஒன்றும் எழுதாமல் விட்டான்.

"கோவத்துல வேலையைப் பாதியில போட்டுட்டான்" என்றது ஊர். ஒரு படியைக்கூடப் பூசி முடிக்காமல் கரண்டியைக் கழுவாதவன் அவன்.

ஞாயிறு மணி அடித்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவான். "ஆண்டவரே, நீர் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீர்? வாயைத் திறந்து சொல்லும்!" என்று அவன் கத்துவது கோயில் ஜன்னல் வழியாகக் கேட்கும். உபதேசியார் பாட்டை இன்னும் உரக்க எடுப்பார்.

வருஷக் கடைசி நாள் மாலை, பீடத்துக்குப் பூ வைக்கப் போனாள் ஜெபக்கனி. உள்ளறையில் உபதேசியார் அட்டைகளைப் பொறுக்கி, ஒரு கட்டைத் தனியாக ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன ஐயா, தனியா எடுத்து வைக்கீங்க?"

"இதெல்லாம் உபத்திரவ வசனம்மா. புது வருஷமும் அதுவுமா வேண்டாம். முன்ன ஒரு தடவை வாத்தியார் பொஞ்சாதிக்கு இதுல ஒண்ணு விழுந்து, மாத்திக் குடுங்கன்னு கோயில்லயே ஒரே அழுகை."

கட்டின் மேலே இருந்தது, உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு என்று இயேசு சொன்ன வசனம்.

மறுநாள் தட்டு அவளிடம் வந்தது. "எடு" என்று மைனி இடித்தாள்.

"ஐயா, நேத்து நீங்க கட்டி வச்சதுல ஒண்ணு தாங்க. இதுல எங்க வீட்டுக்கு ஒண்ணும் இல்ல."

செயலாளர் கனைத்தார். "தட்டு நிக்குதும்மா. பின்னால ஆள் இருக்கு."

"உங்க மண்டபத்துச் சொவருக்குப் பின்னால தண்ணியும் நிக்குது, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

ராஜசிங் கல்லின் முன் குந்தியிருந்தான். மழையில் மங்கிப்போன மூன்றாவது வரியின் கோட்டை ஆணியால் மறுபடி கீறிக்கொண்டிருந்தான். கீறிய தூசியைத் துண்டால் துடைத்தான்.

"இதுல என்ன எழுதணும்னு விட்டு வச்சிருக்கீங்க?" என்று அவள் கேட்டாள்.

அவன் பதில் சொல்லுமுன் கதை இங்கே நிற்கட்டும். யாரும் பயப்படக் கூடாது என்று அட்டையை ஒளித்த உபதேசியார், வாக்கு பொய்க்காது என்று பட்டினி கிடந்த மைனி, கோயிலுக்கே போகாத ராஜசிங். இந்த மூவரில் கிறிஸ்தவ நம்பிக்கை யாரிடம் இருந்தது?

விடை: ராஜசிங்கிடம். "தேதிக்கு" என்றான் அவன். "அவ உயிரோட எந்திரிக்கிற தேதி. அது அவருக்குத்தான் தெரியும். அதான் வாராவாரம் வந்து கேக்கேன்." ஆளில்லாத வீட்டு வாசலில் யாரும் நின்று சண்டை போடுவதில்லை. உபத்திரவம் உண்டு என்று சொன்ன வாய், உலகத்தை ஜெயித்தேன் என்றும் அதே அட்டையில் சொல்லியிருந்தது. உபதேசியார் முன்பாதிக்குப் பயந்து பின்பாதியையும் சேர்த்துக் கட்டி வைத்துவிட்டார். மைனியோ, வாக்கைக் காப்பாற்றுவதற்காக, பெற்ற தாயைப் பாவியாக்கினாள். ராஜசிங் மரணத்தை மரணம் என்றே எழுதினான். ஆனால் அதைக் கடைசி வரியாக விடவில்லை. ஜெபக்கனி ஆணியை வாங்கி மீதிக் கோட்டைக் கீறி முடித்தாள். ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்களுக்கு முதலில் கேட்டது, மண்டபத்துச் சுவரில் ராஜசிங்கின் கடப்பாறை விழும் சத்தம்.