டேஷ்போர்டில் ஒரு வெள்ளைத் திட்டு

முன்பின்னாகச் சொல்லி இதைக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எங்கள் செண்பகவடிவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வாட்டர் சர்வீஸ் கடையில் காரின் உள்பக்கம் துடைப்பது அவள் வேலை. முந்தின நாள் கழுவிக்கொண்டு போன காரோடு கான்ட்ராக்டர் தீர்த்தமலை ஒருநாள் காலையிலேயே திரும்பி வந்தார். டேஷ்போர்டில் பிள்ளையார் ஒட்டியிருந்த இடம் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துச் சொரசொரப்பாகக் கிடந்தது.

“பசையை எடுக்கிறேன்னு எதையோ போட்டுத் தேய்ச்சிருக்கா. சாயங்காலத்துக்குள்ள பழையபடி ஆகணும். இல்லேன்னா இவளை வேலையை விட்டு அனுப்பு” என்றார். கடை முதலாளி தலையாட்டினார்.

செண்பகவடிவு திட்டைத் தடவிப் பார்த்தாள்.

“சரி பண்ணிடலாம் சார். தேய்ச்சது தின்னரா, நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணியான்னு மட்டும் தெரியணும். மருந்து மாறினா போர்டு முழுக்க வெடிச்சிரும்.”

“தேய்ச்சவ நீ. என்னைக் கேக்குறியா?”

“அப்ப தின்னருன்னே வச்சுக்கிறேன்” என்று ஒரு மருந்து டப்பாவைத் திறந்து துணியை நனைத்தாள்.

“நில்லு, நில்லு. நெயில் பாலிஷ் தண்ணிதான். வீட்டுல இருந்துச்சு, நான்தான் தேய்ச்சேன்.”

கடையே சிரித்தது. முதலாளி தரையைப் பார்த்தார்.

அவள் நைசான உப்புத்தாளால் தேய்த்து, மினுக்காத கறுப்புப் பெயிண்டை மெல்ல அடித்தாள். மத்தியானம் திட்டு இருந்த இடமே தெரியவில்லை.

“தின்னரா இருந்தா என்ன போடுவ?” என்று கேட்டார் தீர்த்தமலை.

“இதேதான் சார்.”

அன்றிலிருந்து எந்தக் காரைத் தொடும் முன்னும், சொந்தக்காரரை முன்சீட்டில் உட்காரவைத்து டேஷ்போர்டோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறாள். முதல் போட்டோவில் இருப்பவர் தீர்த்தமலைதான்.