மூன்று பேக்கப்

மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஜெசிந்தா பொறுப்பாளர். அவளிடம் வேலை கற்க வந்த பூவலிங்கம் அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். இருபது வருடம் கோப்பு அறையில் இருந்தவர்.

ஒருநாள் காலை அவர் கேட்டார்.

"மேடம், சர்வர்ல இருக்கிறதுக்கெல்லாம் தினமும் மூணு பேக்கப் நகல் எடுக்கிறேன். ஒண்ணு இங்க, ஒண்ணு எதிர்க் கட்டடத்துல, ஒண்ணு வெளியூர்ல. அப்பவும் மனசு அடிச்சுக்குது. எத்தனை இருந்தா பயமில்லாம இருக்கலாம்?"

ஜெசிந்தா காலியான ஒரு கம்ப்யூட்டரை மேசையில் வைத்தாள். சர்வரின் திரையைத் தன் துப்பட்டாவால் மூடினாள்.

"இந்த சர்வர் செத்துப்போச்சுன்னு வெச்சுக்குங்க, அண்ணே. ரத்த வங்கியில ஒரு அம்மா பிள்ளைக்கு ரத்தம் கேட்டு நிக்கிறாங்க. எந்தப் பை எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியல. இந்தக் காலிக் கம்ப்யூட்டர்ல எழுப்பிக் காட்டுங்க."

"பத்து நிமிஷம் மேடம்."

பேக்கப் பாஸ்வேர்டு கேட்டது. பூவலிங்கத்தின் கை துப்பட்டா பக்கம் போனது.

"அங்க என்ன?"

"பாஸ்வேர்டை அதுக்குள்ளதான் எழுதி வெச்சிருக்கேன்."

"பொணத்தோட பாக்கெட்ல கை விடாதீங்க."

பாஸ்வேர்டு கேட்க, சர்வரை அமைத்துக் கொடுத்தவரைப் போனில் பிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பிறகு எல்லாம் இறங்கத் தொடங்கின. முதலில் ஒன்பது வருடத்துக்கு முந்தைய எக்ஸ்ரேக்கள். கோப்பு அறைப் பழக்கத்தில் பழையதை முதலில் வைத்திருந்தார். ரத்த வங்கி கடைசியில் இருந்தது.

முடியும்போது மணி இரண்டு.

"அந்த அம்மா இன்னும் நிப்பாங்களா மேடம்?"

"போய்ப் பாத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா சாப்பிடப் போனாள்.

அன்றைக்குப் பூவலிங்கம் சாப்பிடவில்லை. பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு, தலைமை நர்ஸின் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். ரத்த வங்கியை வரிசையின் முதலுக்குக் கொண்டுவந்தார். அதன்பின் ஒவ்வொரு செவ்வாயும் திரையைத் துண்டால் மூடிவிட்டுப் பழகினார்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் சாவு வீடா?" என்று கேன்டீனில் கேலி செய்தார்கள்.

ஆறாவது வாரம், வியாழக்கிழமை காலை, சர்வரிலிருந்து கருகல் வாடை வந்தது. திரை அணைந்தது. ரத்த வங்கி நர்ஸ் தவமணி மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, பிரசவ வார்டுல ஓ நெகடிவ் கேக்குறாங்க! எந்த ஃப்ரிட்ஜ்ல இருக்குன்னு பாக்க முடியல!"

தலைமை நர்ஸின் அலமாரியிலிருந்து உறை வந்தது. பூவலிங்கம் காலிக் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தார். விரல்களுக்கு வழி தெரிந்திருந்தது. ஜெசிந்தா வாசலில் நின்றாள். எதையும் தொடவில்லை.

பதினான்காவது நிமிடம் திரையில் பட்டியல் வந்தது. தவமணி எட்டிப் பார்த்தாள். "மூணாவது ஃப்ரிட்ஜ்!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். சற்று நேரத்தில் அவளிடமிருந்து போன் வந்தது.

"ரத்தம் ஏத்தியாச்சு அண்ணாச்சி. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க."

பூவலிங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். சிரிப்பு வந்தது.

"இப்பவாவது சொல்லுங்க மேடம். எத்தனை பேக்கப் வேணும்?"

"அன்னைக்கும் மூணு இருந்துச்சு, அண்ணே. இன்னைக்கும் மூணுதான்."