ஆளில்லாத கோபுரம்

கோயம்புத்தூரில் டாரட் சீட்டுப் பார்த்துக் குறி சொல்லும் தமயந்தியின் மேசை இழுப்பறையில் ஒரு காலத்தில் மூன்று கோபுரச் சீட்டுகள் குடியிருந்தன. மூன்றும் வெவ்வேறு சீட்டுக்கட்டைச் சேர்ந்தவை. இடி விழும் கோபுரம் வந்தாலே வந்தவர் முகம் வெளுத்துவிடுகிறது, மறுபடி வருவதுமில்லை என்று தமயந்திதான் அவற்றை உருவி உள்ளே போட்டிருந்தாள்.

வேலை போனவர்கள் ஓரிடத்தில் கிடந்தால் சண்டைக்கா பஞ்சம்?

"நான்தான் அசல்" என்றது சீமைச் சீட்டு. அதில் ஒரு கற்கோபுரம் இடியில் பிளக்க, இரண்டு பேர் தலைகீழாக விழுந்துகொண்டிருந்தார்கள். "நான் வந்தால் நாசம். அவ்வளவுதான்."

"எப்பப் பாரு இழவு வீட்டுப் பேச்சு!" என்றது பூனைக்கட்டுச் சீட்டு. அதில் இடி விழுந்த கோபுரத்திலிருந்து இரண்டு பூனைகள் தாவிக்கொண்டிருந்தன. "நான் வந்தால் சின்னச் சறுக்கல். உடம்பை உதறிவிட்டுப் போக வேண்டியதுதான்."

மூன்றாவது, தஞ்சாவூர் ஓவியர் ஒருவர் வரைந்தது. கோயில் கோபுரம், மேலே மின்னல். "என்னைப் பார்த்தால் ஜனங்கள் கும்பிடுவார்கள்" என்றது அது பெருமையாக.

மற்ற இரண்டும் சிரித்தன. "உன் ஓவியர் ஆளை வரையவே மறந்துவிட்டார். ஆளில்லாத கோபுரத்துக்கு அர்த்தம் ஏது?"

கோயில் கோபுரத்துக்குச் சுருக்கென்றது.

அன்று சுகந்தி என்ற பெண் வந்தாள். "அடுத்த மாசம் கல்யாணமுங்க்கா. அவரு என் ஃபோனைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்கறாரு. நேத்து கையை முறுக்கிட்டாரு. கல்யாணமானா சரியாயிடும்னு வீட்டுல சொல்றாங்க. சரியாகுமுங்களா?"

"பார்த்துடலாம் கண்ணு" என்ற தமயந்திக்கு ஒரு யோசனை வந்தது. சீட்டு குறைந்த கட்டு பொய் சொல்லும் என்பது அவள் தொழில் நம்பிக்கை. இழுப்பறையைத் திறந்து, இருப்பதில் சாதுவான பூனையை எடுத்துச் சீமைக்கட்டில் சொருகிக் கலைத்தாள்.

சீட்டின் முதுகைப் பார்க்க மறந்துபோனாள். நீலப் பூப்போட்ட முதுகுகளுக்கு நடுவே ஒன்றில் மட்டும் மஞ்சள் பூனைப் பாதம். சுகந்தியின் கை நேரே அங்கேதான் போனது.

"ஒண்ணுமில்ல கண்ணு, சின்னச் சலசலப்பு. சரியாயிடும்" என்றாள் தமயந்தி. அவள் குரலுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

சுகந்தி சீட்டைக் கீழே வைக்கவில்லை. "இதே சீட்டு மத்த கட்டுல எப்படிங்க்கா இருக்கும்?"

தமயந்தி தயங்கித் தயங்கி மற்ற இரண்டையும் எடுத்து வைத்தாள். கோயில் கோபுரத்தைப் பார்த்ததும் சுகந்தியின் கைகள் தாமாகவே குவிந்தன. பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"பார்த்தீர்களா, கும்பிட்டாள்!" என்றது கோயில் கோபுரம்.

"கும்பிட்டால் போதுமா? அவள் கேள்விக்குப் பதில் சொல்" என்றது பூனை.

சுகந்தி மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "மூணுலயும் இடி விழுதுங்க்கா. அதுல மாத்தமே இல்ல." அவள் விரல் மூன்றாவது சீட்டில் நின்றது. "இதுல ஆளுங்க எங்கீங்க?"

கோயில் கோபுரம் கூனிக் குறுகியது. சீமைச் சீட்டு களுக்கென்று சிரித்தது.

"அது வந்து... வரையலை கண்ணு" என்றாள் தமயந்தி.

"இல்லீங்க்கா" என்றாள் சுகந்தி மெதுவாக. "இடி விழறதுக்கு முந்தியே எறங்கிப் போயிருக்காங்க."

சுகந்தி ஃபோனை எடுத்தாள்.

"அப்பா, மண்டபம் வேண்டாம்னு சொல்லிருங்க. வந்து எல்லாம் சொல்றேன்."

அதன் பிறகு சீட்டுகள் சண்டை போடவில்லை. சீமைச் சீட்டில் தலைகீழாக விழுந்துகொண்டிருந்த இருவர் மட்டும், அந்தக் காலிக் கோபுரத்தையே ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.