சொக்கட்டாம்பட்டியார் ஏரிக்கரை தேடிப் போன கதை

சொக்கட்டாம்பட்டிக்காரர்களைப் பற்றி யாராவது உங்களிடம் ஏதாவது சொல்லியிருந்தால் அதை முழுசாக நம்பிவிடாதீர்கள். சொன்னவர் பாதியைத்தான் சொல்லியிருப்பார். மீதியை நான் சொல்கிறேன். முதலில் ஒன்று: அந்த ஊரில் கெட்டவன் என்று ஒருத்தனும் கிடையாது. கெடுதல் செய்யக் கொஞ்சமாவது யோசிக்க வேண்டும் இல்லையா? அந்தப் பழக்கமே அங்கே இல்லை.

அந்த ஊர் ஒச்சப்பனுக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. ஆள் வாட்டசாட்டமானவன், உழைப்பாளி, அதிர்ந்து பேசமாட்டான். குறை அவனிடம் இல்லை, ஊரில் இருந்தது. கிணறு வற்றி, போர் வற்றி, தினம் வந்த தண்ணி லாரியும் நினைத்தபோது வருவதாகிவிட்டது. குடிக்கத் தண்ணி இல்லாத ஊருக்கு எவன் பெண் கொடுப்பான்?

பக்கத்து ஊர் மாவு மில்லுக்காரர் கோட்டைச்சாமியின் மகள் வேலுத்தாயி மட்டும் அவனைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக ஒச்சப்பன் அரைத்த மாவையே திரும்பத் திரும்ப அரைக்கக் கொண்டுபோவான். மாவு தேய்ந்து தேய்ந்து, கடைசியில் வெறும் பையை நீட்டினான். அன்றைக்குத்தான் வேலுத்தாயி வாயைத் திறந்தாள்.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா குடத்தைத் தூக்கிக்கிட்டு லாரிக்குப் பின்னாடி ஓட நம்மால ஆகாது. அந்தா பாருங்க, அந்த மாதிரி ஒரு ஊருல குடியிருக்கணும்னு ஆசை."

அவள் காட்டியது சுவரில் தொங்கிய தேதி கிழிக்கிற காலண்டரை. அதன் மேல் அட்டையில் ஒரு படம். பெரிய ஏரி, கரை நெடுக மரங்கள், மரமெல்லாம் செக்கச்செவேல் என்று இலை. எந்தக் குளிர் தேசத்து இலையுதிர் காலமோ, மாவு படிந்து அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

கோட்டைச்சாமி மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். "மக ஆசைப்பட்டுட்டா. படத்துல இருக்கிற மாதிரி ஊரைப் பிடிச்சிட்டு வா, கட்டிக் குடுக்கிறேன். அச்சு அசலா இருக்கணும், ஒண்ணு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தை முடியிறதுக்குள்ள நடக்கலேன்னா, ஏற்கெனவே பொண்ணு கேட்டு வந்த பட்டறைக்காரர் வீட்டுக்குச் சரின்னு சொல்லிருவேன்."

ஒச்சப்பன் அந்தக் கணமே காலண்டரைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊருக்கு ஓடினான்.

ஊர்த்தலைவர் மொக்கைச்சாமி கூட்டம் போட்டார். ஒச்சப்பனுக்கு அவர் மாமா முறை. அவர் சம்சாரம் அழகுப்பொண்ணு அத்தை கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, அவர் பேச வேண்டியதை அவருக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்தாள்.

"இவன் ஒருத்தன் மட்டும் ஏரிக்கரைக்குப் போயிட்டா?" என்றார் மொக்கைச்சாமி.

"நம்ம தாகத்துல கிடப்போம்," என்றாள் அத்தை.

"ஊரே போயிட்டா?"

"தாகம் மட்டும் இங்க கிடக்கும்."

கிடக்கட்டும் என்று ஏகமனதாக முடிவாயிற்று. நல்ல ஊராகப் பார்த்து வரும் பொறுப்பு மாமா, அத்தை, ஒச்சப்பன் மூவருக்கும் வந்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் புறப்பட்டார்கள். ஏரியெல்லாம் கிழக்கே இருக்கிறது என்று கேள்வி. மொக்கைச்சாமி முறைப்படி காலண்டரில் அன்றைய தாளைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"சூலம் கிழக்கே! இன்னைக்குக் கிழக்கே பாத்துப் போகக்கூடாது."

"பரிகாரம் தயிர்னு கீழயே போட்டிருக்கே மாமா," என்றான் ஒச்சப்பன்.

"தயிரைக் காலையில நான் சோத்துல ஊத்திச் சாப்பிட்டேன்," என்றாள் அத்தை. "அப்ப நான் ஒருத்திதான் போக முடியும்."

மூன்று பேரும் தெருவில் நின்று யோசித்தார்கள். யோசித்ததில் ஒச்சப்பனுக்குக் காது சூடாகிவிட்டது. தை நெருங்குகிறது, பட்டறைக்காரர் காத்திருக்கிறார், இங்கே தயிர் இல்லை! அந்தத் தவிப்பில்தான் அவனுக்கு அது உதித்தது.

"கிழக்கே பாத்துத்தானே போகக்கூடாது? மேற்கே பாத்துக்கிட்டே கிழக்கே போவோம்."

"மாப்ளே!" என்று மொக்கைச்சாமி அவனைக் கட்டிக்கொண்டார்.

ஆக மாமாவும் மருமகனும் பின்பக்கமாக நடந்தார்கள். தயிர் சாப்பிட்ட அத்தை மட்டும் நேராக நடந்து, "பள்ளம் வருது, ஆடு வருது" என்று வழி சொன்னாள். ஆடு வருவதைச் சரியாகச் சொன்னாள். கிணறு வருவதைச் சொல்ல மறந்தாள். நல்லவேளை, அது சொக்கட்டாம்பட்டிக் கிணறு, தண்ணி இல்லை. மாமா காயத்தோடு தப்பித்தார்.

பிறகு பஸ் பிடித்தார்கள். சீட்டில் முழங்கால் போட்டுப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தார்கள். அதுவரை சரிதான், ஆனால் பஸ் வளைவில் திரும்பியது. மாமா அலறினார், "மாப்ளே, திசை மாறுது, திரும்பு!" திரும்பினார்கள். அடுத்த வளைவு, மறுபடி திரும்பினார்கள். இவர்கள் திரும்புகிற வேகத்தைப் பார்த்து ஏதோ ஆபத்து என்று பஸ்ஸே திரும்பித் திரும்பி உட்கார ஆரம்பித்தது. கண்டக்டர் டிக்கெட்டை யார் முதுகில் கொடுப்பது என்று தெரியாமல் தவித்துப்போனார்.

முதலில் இறங்கிய ஊரில் ஒரு புரோக்கர் இவர்களை வாயெல்லாம் பல்லாக வரவேற்று, வெட்டவெளியில் கல் நட்ட இடத்துக்குக் கூட்டிப்போனார். வாசலில் 'லேக் வியூ நகர்' என்று வளைவு.

"ஏரி எங்கங்க?" என்று ஒச்சப்பன் கேட்டான்.

புரோக்கருக்கு மனசாட்சி கொஞ்சம் மிச்சம் இருந்தது. "நீங்க நிக்கிறதே ஏரிதாங்க," என்றார் மெதுவாக.

அவ்வளவுதான். "ஐயோ, சொல்லக்கூடாதா!" என்று அத்தை சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டாள். மாமா மூக்கைப் பிடித்துக்கொண்டார். ஒச்சப்பனுக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் வேலுத்தாயியை நினைத்து ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, காலண்டரைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி, நட்ட கல்லைப் பிடித்துப் பிடித்துக் கரையேறினான். ரோட்டுக்கு வந்ததும் மூன்று பேரும் தலையைத் துவட்டிக்கொண்டார்கள்.

"தண்ணி சுத்தமான தண்ணி," என்றார் மாமா. "கண்ணுக்கே தெரியலை."

"ஆனா எலை இல்லையே," என்று ஒச்சப்பன் பெருமூச்சு விட்டான்.

இப்படி ஊர் ஊராக அலைந்தார்கள். ஓர் ஊரில் ஏரி இருந்தது, கரை முழுக்கச் சீமைக்கருவேல் இருந்தது. இன்னோர் ஊரில் மரம் செக்கச்செவேல் என்று இருந்தது, கிட்டே போனால் எவனோ விளம்பரத்துக்கு அடித்த பெயிண்ட். ஒச்சப்பன் சாப்பாட்டில் கைவைக்கவில்லை. காலண்டரில் தாள் மெலிந்துகொண்டே வந்தது. ராத்திரியானால் அதைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டுதான் தூங்குவான்.

மார்கழிக் கடைசியில் பூவலேரி என்ற சின்ன ஊரில் இறங்கினார்கள். இறங்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ததும்பத் ததும்ப ஏரி. கரை நெடுக வாதாமரம். பனிக்கு இலையெல்லாம் பழுத்து, சிவப்பும் ஆரஞ்சுமாக வெயிலில் பளபளத்தது! ஒச்சப்பன் படத்தைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். அழுகை வந்துவிட்டது.

"வேலுத்தாயி!" என்று ஏரியைப் பார்த்துக் கத்தினான். கரையோர டீக்கடைக்காரர் ஓடிப்போய் ஏரியை எட்டிப் பார்த்துவிட்டு, யாரும் விழவில்லை என்று தெரிந்துகொண்டு வந்தார்.

"தை பொறந்தா இன்னும் நல்லாருக்கும்," என்றார் அவர். "அப்புறம் பூராவும் கொட்டிரும்."

"கொட்டிருமா!"

ஊர் கிடைத்த செய்தியை அனுப்பியதற்கு, கோட்டைச்சாமி தை மாதக் கடைசியில்தான் பெண்ணோடு வருவதாகச் சொல்லி அனுப்பினார். ஒச்சப்பனுக்குக் கை கால் ஓடவில்லை. உடனே சொக்கட்டாம்பட்டிக்குத் தகவல் போய், ஊரே சட்டி பானையோடு வந்து சேர்ந்தது. காற்றடித்தது, இலை உதிர்ந்தது. உதிர உதிர சொக்கட்டாம்பட்டியார் அதைப் பொறுக்கிக்கொண்டு மரத்தில் ஏறி, வாழைநாரால் பழைய இடத்தில் கட்டினார்கள்.

"இது இந்தக் காம்பு எலை இல்லை, வேற மரத்து எலை," என்று ஒரு கிளையிலிருந்து சண்டை.

"எலைக்குத் தெரியும், அது பேசாமத்தானே இருக்கு," என்று இன்னொரு கிளையிலிருந்து தீர்ப்பு.

தெருக் கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு வந்து அண்ணாந்து பார்த்தாள். "நான் வருசம் பூராக் கூட்டித் தள்ளுறேன், நீங்க மேல ஏத்துறீங்களா? நல்லா இருப்பீங்களா நீங்க?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம் தாயி, நீங்க?" என்று மரத்திலிருந்து மாமா அன்பாக விசாரித்தார்.

முகூர்த்த நாள் வந்தது. கோட்டைச்சாமி வேனிலிருந்து இறங்கினார். பின்னால் வேலுத்தாயி, பட்டுச்சேலையில். அவள் ஏரியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஒச்சப்பனைப் பார்த்துச் சிரித்தாள். கோட்டைச்சாமி மட்டும் காலண்டரை வாங்கி நீட்டிப் பிடித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"ஏரி... சரி. மரம்... சரி. செவப்பு... ரொம்பச் சரி. ஆனா ஒண்ணு கூடுதே."

"என்ன மாமா கூடுது?" என்றான் ஒச்சப்பன்.

"ஆளு. படத்துல ஆளே இல்லையே. இங்க ஊரே நிக்குது."

ஒச்சப்பன் உட்கார்ந்துவிட்டான். அவ்வளவு தூரம் பின்பக்கமாக நடந்தது எல்லாம் வீணா? அழகுப்பொண்ணு அத்தைதான் கணீரென்று சொன்னாள்:

"ஆளுக்கொரு மரத்துக்குப் பின்னாடி மறைங்கடா. தாலி கட்டுற வரைக்கும் ஒரு தலை தெரியக்கூடாது!"

மறைந்தார்கள். மேளக்காரர் ஒரு மரத்துக்குப் பின்னால், ஐயர் ஒரு மரத்துக்குப் பின்னால், கோட்டைச்சாமியும் ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டு, "இப்பச் சரி!" என்று குரல் கொடுத்தார். கரையில் ஈ காக்கை இல்லை. மரம்தான் மந்திரம் சொன்னது, மரம்தான் மேளம் கொட்டியது. ஒரு ஒல்லி மரத்துக்கு அந்தப் பக்கம் வேலுத்தாயி, இந்தப் பக்கம் ஒச்சப்பன். எட்டிப் பார்த்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, நீளமான மஞ்சள் கயிற்றை மரத்தைச் சுற்றிக் கொண்டுபோய், அவள் கழுத்தையும் சுற்றி, மரத்துக்கு இந்தப் பக்கம் மூன்று முடிச்சையும் போட்டுவிட்டான்.

"கட்டிட்டேன்!" என்று குதித்தான். அட்சதை மரங்களுக்குப் பின்னாலிருந்து பறந்து வந்தது. எல்லாரும் வெளியே வந்து பார்த்தால், பெண்ணும் மரமும் ஒரே தாலியில் நின்றார்கள்.

"கயித்தை அறுக்கலாமா?" என்றார் மேளக்காரர். அவர் வெளியூர்க்காரர்.

"வாயைக் கழுவு!" என்று ஊரே பாய்ந்தது.

"மரத்தை வெட்டினா?"

"ஒண்ணு குறையக்கூடாது," என்றார் கோட்டைச்சாமி கறாராக.

வெகுநேரம் விவாதம் நடந்தது. கடைசியில் மொக்கைச்சாமி தொண்டையைக் கனைத்தார். "பொண்ணு வீட்டுக்கு வர முடியாது. அப்ப வீடு பொண்ணுகிட்ட வரணும்." பூவலேரிப் பஞ்சாயத்தில் சொல்லிச் சம்மதம் வாங்கி, அந்த மரத்தையும் வேலுத்தாயியையும் நடுவில் விட்டுச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். பெண் போகாத தூரம் நாமும் போகக்கூடாது என்று மற்றவர்களும் பக்கத்திலேயே குடிசை போட்டார்கள். குடிபோக எந்த இடம் என்ற கேள்வி அதோடு தீர்ந்தது.

கூரை வேய்ந்த அன்று ஒச்சப்பன் புது வீட்டுக்குள் நுழைந்தான். மரத்தடியில் தாலிக்கயிறு தொங்கியது, பெண்டாட்டியைக் காணோம்! அவன் போட்ட கூச்சலில் ஊரே உள்ளே வந்துவிட்டது. அடுப்படியிலிருந்து வேலுத்தாயி கரண்டியோடு வந்தாள்.

"என்ன சத்தம்? சோறு வடிக்க வேண்டாமா?"

அழகுப்பொண்ணு அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். "அடி பாவி! கட்டின மஞ்சள் காயறதுக்குள்ள தாலியைக் கழட்டலாமாடி?"

"நான் எங்கத்தை தாலியைக் கழட்டினேன்? அது கட்டின இடத்துலயே இருக்கு பாருங்க. நான் தலையைத்தான் கழட்டிக்கிட்டுப் போனேன்."

சொல்லிவிட்டு, கயிற்றுக்குள் கழுத்தை விட்டு மரத்தோடு நின்று காட்டினாள். ஊர் வாயைப் பிளந்து பார்த்தது. பிறகு மொக்கைச்சாமி ஒச்சப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, கலங்கிய குரலில் சொன்னார்: "மாப்ளே, தங்கமான பொண்ணு. ஆனா ஏரிக்குக் குளிக்கப் போறப்பப் பாத்துக்க, தலையை எங்கயாவது வச்சிட்டு மறந்துறப் போகுது."